ஏழு பேர் இருந்த வீடு

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைக் காட்டி, "இது யாருடைய வீடு?" என்று கேட்க மாட்டார்கள். "அதுல யாரு இருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள். இருப்பது வேறு, சொந்தமாக இருப்பது வேறு என்பது லயத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கூரையில் ஒரு தகரத்தை மாற்றுவதென்றாலும் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் போய் நின்று கேட்க வேண்டும்.

ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதையில் இறங்கி, தேயிலைக்கு நடுவே இருபது நிமிடம் ஏறினால் எங்கள் லயம். பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழே. எங்களுடையது தொங்கல் வீடு, அதாவது வரிசையில் கடைசி. அடிக்கிற காற்றெல்லாம் முதலில் எங்கள் சுவரில்தான் அடிக்கும். இரண்டு காம்பரா, முன்னால் சின்னதாக இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் அடுப்படி. இவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி அங்கே வந்தபோது, ஹட்டன் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. வலது காலை எடுத்து வைத்த அதே நொடியில் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். "பாத்து வாம்மா, இந்த வீட்டுக்கு ஒசரமான ஆளப் பழக்கமில்ல" என்றார் மாமியார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு கனம் உண்டு. தொழிலாளர் பதிவில் ஒருவரை ஏற்றினால் 'பேர் பதிஞ்சாச்சு' என்பார்கள். அவர் ஓய்வு பெற்றாலோ, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாலோ, 'பேர வெட்டிட்டாங்க'. பேர் இருந்தால் வேலை. வேலை இருந்தால் வீடு. என் மாமியார் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வு வயது வந்ததும் பேரை வெட்டினார்கள். மாமனார் காலமாகிப் பல வருடம். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். நான் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். ஆக, எங்கள் வீட்டில் பேர் உள்ள ஆள் ஒருவர்கூட இல்லை.

இதைச் சொல்லிக் காட்ட ஒருநாள் கணக்கப்பிள்ளை வந்தார். மலையில் ஆட்களிடம் வேலை வாங்குகிறவர் அவர். கெட்ட மனிதர் இல்லை. இஸ்தோப்பில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பேரு உள்ள ரெண்டு குடும்பம் ஒரே காம்பராவுல நெருக்கிக்கிட்டுக் கெடக்குது. இந்த வீட்டுல பேரே இல்லையேன்னு ஆபிசுல கேக்குறாங்க."

"கேக்கட்டும்" என்றார் மாமி. "முப்பது வருசமா நான் பறிச்ச கொழுந்த எந்த வீட்டுல வச்சிருக்காங்கன்னு நானும் கேட்டேன்னு சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்றைக்கு மாமி சாப்பிடவில்லை. ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நான் வாயைத் திறந்தேன். "விடுங்க மாமி. ஹட்டன்ல ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவோம். தண்ணி பைப்புல வரும். எனக்கும் நாலு கடை கண்ணி கிட்ட இருக்கும்."

"நீ போ டீச்சர்" என்றார். கோபம் வந்தால் நான் அவருக்கு டீச்சர். மற்ற நேரத்தில் 'ஏ புள்ள'. அன்றிலிருந்து இரண்டு வாரம் டீச்சராகவே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கோயில் ஒலிபெருக்கியில் அந்த அறிவிப்பு வந்தது. லயத்தில் இருக்கிறவர்களுக்குக் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், கொடுக்கப் போகிறார்கள், வீட்டுக்கு ஏழு பேர்ச், பதிவதற்கு இன்ன நாளில் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வரவேண்டும் என்று யாரோ கரகரத்த குரலில் சொன்னார்கள். நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மாமிக்கு வலது காது மந்தம். "என்னாவாம்?" என்று முன்காம்பராவிலிருந்து கத்தினார். ரொட்டி கருகுகிற அவசரத்தில் நானும் கத்தினேன்: "காணி குடுக்குறாங்களாம் மாமி! வீட்டுக்கு ஏழு பேர்ச்சாம்!"

பேர்ச் என்பது காணியை அளக்கிற அளவு. நம் ஊரில் பிள்ளையார் கோயில் ஐயர் முதல் மீன்காரர் வரை எல்லோருக்கும் தெரிந்த அளவு. ஆனால் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாதவருக்குக் காணி அளவு எதற்குத் தெரிந்திருக்க வேண்டும்? மாமியின் காதில் விழுந்தது 'ஏழு பேராம்'. ஒரு வீட்டிலிருந்து ஏழு பேர் தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் காணி என்று அவர் புரிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க வீட்டைப் பேரால் அளந்தவர்களிடையே இருந்தவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? கத்தியவள் நான். தமிழ் டீச்சர். இது எனக்குத் தெரிய ஆறு வாரம் ஆனது.

ஆறு வாரமும் அவர் ஊர் சுற்றினார். ஏன், எங்கே என்று ஒரு வார்த்தை இல்லை. ஏற்கெனவே ஆபிசில் கேட்கிறார்கள், பேர் இல்லை என்பது இன்னும் பெரிய பேச்சானால் இருக்கிற வீடும் போய்விடும் என்று அவருக்குப் பயம். என்னிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் ஹட்டனுக்குப் போக ஆசைப்படுகிறவள். வீடு போனால் உள்ளுக்குள் சந்தோசப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். அது முழுப் பொய் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

முதலில் என் தம்பிதான் ஹட்டனிலிருந்து போன் பண்ணினான். "அக்கா, ஒங்க மாமியார் பக்கத்து இரும்புக் கடையில ரெண்டு மணி நேரமா ஒக்காந்திருக்காங்க. ஆணி வேணுமான்னு கேட்டா வேணாங்குறாங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அந்த இரும்புக் கடைக்காரரின் தாத்தாவும் பாட்டியும்தான் எங்கள் வீட்டில் முதன்முதலில் இருந்தவர்கள். தாத்தா கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலையைக் கத்தியால் கழித்து மட்டம் பண்ணுகிற வேலை. லயம் கட்டின காலத்தில் தொங்கல் வீட்டை ஒருவரும் வேண்டாம் என்றார்களாம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் அத்தனையும் வாசலில் இறங்கி மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். கவ்வாத்துக்காரர் அதை வாங்கிக்கொண்டார். தினம் வேலை முடிந்து வரும்போது ஆற்றிலிருந்து ஒரு கல்லைத் தோளில் தூக்கி வருவார். ஒரு நாளைக்கு ஒரு கல், அதற்கு மேல் இல்லை. அவர் மனைவி அதை மண்ணில் பதித்து, காலால் மிதித்து, ஆடுகிறதா என்று பார்ப்பாராம். இன்றைக்கும் எங்கள் வாசலில் இருக்கிற கல்தளம் அதுதான். எத்தனை மழை பார்த்தாயிற்று, ஒரு கல் அசைந்ததில்லை. அடேயப்பா, என்ன மனிதர்கள்! யாரோ கட்டி, யாரோ வெளியேற்றக்கூடிய வீட்டுக்கு இப்படி உழைக்க எனக்கு மனசு வராது.

பேரனுக்குத் தாத்தாவின் பட்டப்பெயர்தான் தெரிந்திருந்தது. செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவில் ஏற்றிய பேர் தெரியவில்லை. தெரிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று மாமி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அந்த மனிதர் கொழும்பில் இருக்கிற தன் அத்தைக்குப் போன் போட்டு, தாத்தா, பாட்டி இருவருடைய பேரையும் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்தது கினிகத்தேனை. அன்றைக்குக் காலையிலிருந்தே நல்ல மழை. பொழுது சாயும்போது தொப்பலாக நனைந்து வந்து நின்றார். எனக்கு வந்ததே கோபம்!

"ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது? நான் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களப் பாப்பனா, ஒங்களப் பாப்பனா? இந்த ஓட்டக் காம்பராவ விட்டுட்டு ஒரு எடம் போகக் கூடாதுங்குறீங்க, ஆனா மழையில ஊரெல்லாம் சுத்துறீங்க!"

"ஓட்டக் காம்பராவா?" என்றார். முந்தானையைப் பிழிந்துகொண்டே முறைத்தார். "இந்தச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவ கதை தெரியுமாடி ஒனக்கு?"

தெரியாது என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். கவ்வாத்துக்காரர் குடும்பத்துக்குப் பிறகு ஒரு விதவைத் தாயும் மகளும் இந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கொழுந்து பறித்தவர்கள். குடியுரிமை இல்லாதவர்கள் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று அவர்களுக்கு அரசாங்கக் கடதாசி வந்தது. மகள் இங்கேயே பிறந்தவள், அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. கோச்சி வண்டி ஏறுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்தத் தாய் சுண்ணாம்பு கரைத்து வீடு முழுவதும் அடித்திருக்கிறாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் கூடி நின்று, "பைத்தியமா ஒனக்கு, போற வீட்டுக்கு எதுக்குச் சுண்ணாம்பு?" என்று அழுதுகொண்டே திட்டினார்களாம். "வர்றவங்க அழுக்கு வீட்டுலயா வந்து எறங்குவாங்க?" என்று கேட்டாளாம் அவள். மகள் மணைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தாய் அதில் ஏறி மேல்மூலை வரைக்கும் அடித்து முடித்தாள். பிறகு இரண்டு பேரும் ஹட்டன் ஸ்டேசனுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்ததாம். அந்தத் தாயின் தங்கை மகள் கினிகத்தேனையில் இருக்கிறாள். மாமி அவளைத் தேடிப் போய்த்தான் நனைந்திருக்கிறார்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. "அதுக்கு எதுக்கு இப்ப அவங்க பேரு?" என்று கேட்டேன். மாமி துண்டை உதறிக் கொடியில் போடத் திரும்பிக்கொண்டார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை ஒருவரைத் தேடி டிக்கோயாவுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அந்த மனிதரின் அண்ணன் மகன் குடியிருக்கிறார். தேடிப் போன அந்த மனிதரின் கதை எனக்கு முன்பே தெரியும். மாமி வருடத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார், சொல்லும்போது எப்போதும் கையெடுத்துக் கும்பிடுவார்.

தாயும் மகளும் போன பிறகு வீட்டை, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு தனிக்கட்டைக்குக் கொடுத்தார்கள். அப்போது மாமி புது மருமகள், கையில் என் வீட்டுக்காரர் ஆறு மாதக் குழந்தை. லயத்தின் நடுவில் ஒரு வீட்டில், ஒரே காம்பராவில் அவருடைய மாமனார், மாமியார், கொழுந்தன்மார் என்று எட்டுப் பேர். ஆண்கள் வெளியே போன பிறகுதான் குழந்தைக்குப் பால் கொடுக்க முடியும். ஒருநாள் குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தபோது ஸ்டோர்க்காரர் அந்தப் பக்கமாகப் போனார். நின்று பார்க்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. நேராக ஆபிசுக்குப் போய், "நான் எங்க அண்ணன் வீட்டோட போறேன். தொங்கல் வீட்ட அந்தப் புள்ளைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இரண்டு காம்பராவை ஒருவன் தானாக விட்டுக்கொடுத்ததை அந்த ஆபிசில் யாரும் நம்பவில்லை. எழுதிக் கொடு என்றார்கள். கைநாட்டு வைத்துக் கொடுத்தார். சாயங்காலம் ஒரு பாயையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"நன்றின்னு ஒரு வார்த்த சொல்ல விடலடி அந்த மனுசன்" என்று சொல்லித்தான் மாமி முடிப்பார்.

பதிவு நாள் வந்தது. எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு, காணி ஆபிசிலிருந்து வந்த ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். சிங்களவர், தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். படிவம் நிரப்ப உதவி செய்யச் சொல்லி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். மாமி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. பரீட்சைக்கு வந்த பிள்ளைகளிடம்தான் நான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அவர் முறை வந்ததும் நாற்காலியில் உட்காரச் சொன்னார் அந்த இளைஞர். மாமி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், மற்றபடி எழுத வராது. அதனால் அங்கங்கே போன இடத்தில் அவரவரையே எழுதச் சொல்லியிருக்கிறார். நீலமும் கறுப்புமாக, கோணலும் நேருமாக, ஏழு வரி.

"எண்ணிப் பாருங்க தம்பி. சரியா ஏழு பேரு. எல்லாரும் பேரு பதிஞ்சவங்க" என்றார். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "இவரும் இவரு சம்சாரமும் வாசல்ல கல்லு போட்டவங்க. இந்தத் தாயும் மகளும் சுண்ணாம்பு அடிச்சவங்க, இப்ப இந்தியாவுல. இந்த மகராசன் எனக்கு வீட்ட விட்டுக் குடுத்தவரு. இது எங்க வீட்டுக்காரரு. கடைசியில நானு. இப்ப யாருக்கும் பேரு இல்ல தம்பி, வெட்டிட்டாங்க. ஆனா ஏழு பேரு இருந்த வீடு. கேட்டுப் பாருங்க, யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ரொட்டிச் சட்டியும் என் கத்தலும் கண்முன்னே வந்தன. வரிசையில் நின்றவர்களுக்கும் ஒவ்வொருவராகப் புரிந்தது. "ஐயோ அக்கா, பேர்ச்சு! பேரு இல்ல, பேர்ச்சு!" என்று ஒருத்தி சொல்ல, மண்டபமே சிரித்தது. வெட்கம் தாங்காமல் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாமி சிரிக்கவில்லை. எதிரே இருந்தவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். இளைஞர் கடைசி வரைக்கும் கேட்டார், சிரிக்கவில்லை. பிறகு தமிழிலேயே மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, பேர்ச் ஆள் இல்ல. காணி. இவ்வளவு காணின்னு அளக்கிறது."

"அப்ப பேரு எத்தன வேணும்?"

"ஒரு பேர் போதும். இப்ப இருக்கிறவங்க பேர். உங்க பேர்."

"எம் பேர வெட்டிட்டாங்களே தம்பி."

"அது தோட்டத்துப் புத்தகம். இது உங்க வீடு. இதில யாருக்கும் வெட்ட ஏலாது."

மாமி என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றாரு?" காதில் விழாமல் இல்லை. நம்ப முடியாமல் கேட்டார். நான் எழுந்து போய், நன்றாகக் கேட்கிற இடது காதோரம் குனிந்து சொன்னேன். "வீட்ட ஒங்க பேருக்கு எழுதப் போறாங்க மாமி. ஒங்க பேருக்கு மட்டும்." இந்தத் தடவை ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

அவர் அழுதார். நான் அவர் அழுது பார்த்தது மாமனார் செத்த அன்றைக்குத்தான். இந்த ஆறு வாரமும் மழையிலும் வெயிலிலும் அலைந்தது எல்லாம் என் ஒரு கத்தலால் வந்த வீண் அலைச்சல் என்று அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, கையெழுத்தை நிதானமாகப் போட்டார்.

உறுதி கைக்கு வர இன்னும் நாளாகும், இப்போது எழுதியதை வாசிக்கிறேன், சரியா என்று சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, இளைஞர் படிவத்தை உரக்க வாசித்தார். முதலில் மாமியின் பேர்.

பேரைக் கேட்டதும் மாமியின் உடம்பு தானாக எழுந்தது. முப்பது வருடப் பழக்கம். விடிகாலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பேர் கூப்பிட்டால் உட்கார்ந்திருக்கக் கூடாது. உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். இளைஞரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்ப உட்கார்ந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இன்னொரு தடவ வாசிங்க தம்பி" என்றார். "ஒக்காந்துக்கிட்டே கேக்குறேன்."